பந்தை மட்டும் மாற்றினால் போதுமா? பார்வையற்ற மாணவர்களைக் கிரிக்கெட்டில் சேர்ப்பது பற்றி

வடசென்னைப் பள்ளி ஒன்றின் உடற்கல்வி ஆசிரியர் கேட்டிருக்கும் கேள்வி இது. எட்டாம் வகுப்பில் அவரிடம் பார்வைக் குறைபாடுள்ள மாணவர்கள் இருவர் இருக்கிறார்கள். ஒருவனுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. மற்றவனுக்கு முன்வரிசையில் உட்கார்ந்தால் கரும்பலகையில் பெரிய எழுத்து மங்கலாகத் தெரியும். விளையாட்டு நேரத்தில் முதலாமவன் மரத்தடியில் உட்கார்ந்து மனக்கணக்காக ஸ்கோர் சொல்கிறான். இரண்டாமவன் மதிலோரம் போய்விழும் பந்தை எடுத்துவந்து கொடுக்கிறான். இருவரையும் ஆட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று ரப்பர் பந்து ஒன்றை அறுத்து, உள்ளே சலங்கை முத்துகளைப் போட்டு ஒட்டி, ஆசிரியர் முயன்று பார்த்தார். ஒரு பந்துகூட மட்டையில் படவில்லை. பத்து நிமிடத்தில் மற்ற பிள்ளைகள் பழைய பந்தைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். “ஒலி எழுப்பும் பந்து இருந்தால் எல்லோரும் சேர்ந்து ஆடலாம் என்கிறார்களே, நான் எங்கே தவறினேன்?” என்று கேட்கிறார்.

ஐயா, உங்கள் முயற்சியில் பிழை இல்லை. அது பாதியில் நின்றுவிட்டது. பார்வையற்றோர் கிரிக்கெட்டில் பந்து மட்டும் வேறு என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். வீசும் முறை, அதற்கு முன் கேட்கப்படும் ஒரு சொல், அணியில் யார் எத்தனை பேர் என்ற கணக்கு, ரன் எண்ணும் விதம், மைதானத்தின் அமைதி ஆகிய எல்லாம் அந்தப் பந்தைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டுப் பந்தை மட்டும் எடுத்துக்கொண்டால் உங்களுக்கு நேர்ந்ததுதான் யாருக்கும் நேரும். நான் குறைபார்வையோடு பிறந்தவன். கல்லூரிக் காலத்திலிருந்து இந்த ஆட்டத்தை ஆடி, பிறகு பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் பந்து. 1922ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பார்வையற்ற தொழிலாளர்கள் இருவர் ஒரு தகர டப்பாவுக்குள் கற்களைப் போட்டு உருட்டி ஆடியதிலிருந்து இந்த ஆட்டம் தொடங்கியது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அடிப்படை மாறவில்லை: கெட்டியான ஓடு, அதற்குள் தடையின்றிக் குலுங்கும் ஏதோ ஒன்று. ஆஸ்திரேலியர்கள் நெடுங்காலம் பிரம்பால் முடைந்த கூட்டுக்குள் பாட்டில் மூடிகளையும் ஈயத்துண்டையும் வைத்து ஆடினார்கள். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போட்டிகளில் உலோகக் குண்டுகள் போட்ட சிறிய கால்பந்து பயன்பட்டது. இந்தியாவிலும் சர்வதேசப் போட்டிகளிலும் ஆடப்படுவது கடினமான பிளாஸ்டிக்காலான வெள்ளைப் பந்து. அதன் உள்ளே சைக்கிள் கடைக்காரர் ‘பால்ரஸ் குண்டு’ என்று சொல்லும் சிறிய எஃகுக் குண்டுகள் இருக்கும். உங்கள் பந்தில் சலங்கை முத்துகள் மென்மையான ரப்பர் சுவரில் மோதின. ரப்பர் ஒலியை விழுங்கிவிடும். போதாக்குறைக்குப் பசையில் பாதி முத்துகள் ஒட்டிக்கொண்டும் இருந்திருக்கலாம். கெட்டியான பிளாஸ்டிக்கில் எஃகு மோதினால்தான் இருபத்திரண்டு கெஜத்துக்கு அப்பாலும் கேட்கும் சலசலப்பு பிறக்கும்.

இங்கே சற்று நின்று சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. பலரும் இதைக் கவனிப்பதில்லை. குண்டு போட்ட பந்து எப்போதும் ஒலிப்பதில்லை; தரையில் உருளும்போதும் துள்ளும்போதும்தான் ஒலிக்கும். காற்றில் பறக்கும்போது உள்ளிருக்கும் குண்டுகள் ஓட்டோடு ஒட்டிக்கொள்வதால் ஒலி மங்கிவிடும். நின்றுவிட்ட பந்தோ முற்றிலும் ஊமை. ஆகவே பந்தை மேலே தூக்கி வீசினால், எந்தக் கணத்தில் மட்டையாளருக்குச் செய்தி மிகவும் தேவையோ அந்தக் கணத்தில் அவருக்கு ஒன்றும் கேட்காது. நீங்கள் வழக்கம்போல் கையைத் தூக்கித்தான் வீசச் செய்தீர்கள் என்று ஊகிக்கிறேன். பந்து மட்டையில் படாததற்கு முதல் காரணம் அதுவே.

இரண்டாவது காரணம் நம் காதின் இயல்பில் இருக்கிறது. ஓர் ஒலி வலப்புறமிருந்து வருகிறதா இடப்புறமிருந்தா என்பதை, அது இரு காதுகளையும் எட்டும் நேரத்தில் உள்ள வேறுபாட்டைக் கொண்டே மூளை கணிக்கிறது. அந்த வேறுபாடு மிக அதிகமாக இருக்கும்போதுகூட ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தொடாது. ஆயினும் நேர் எதிரே வரும் ஒலி ஓரிரு பாகை விலகினாலே நம்மால் உணர முடியும். உயரத்தைக் கணிப்பதில் காதுக்கு இவ்வளவு கூர்மை இல்லை. அதற்குக் காதுமடலின் மடிப்புகள் தரும் மெல்லிய குறிப்புகளையே நம்ப வேண்டும். பந்து எந்தக் கோட்டில் வருகிறது என்பது காதுக்குத் தெரியும். எவ்வளவு உயரத்தில் வருகிறது என்பது சரியாகத் தெரியாது. இந்த ஒரு குறையைச் சரிசெய்யவே, பந்தைத் தரையோடு வைத்திருக்கும்படி ஆட்டம் முழுவதும் அமைக்கப்பட்டிருக்கிறது. ‘பீப்’ என்று இடைவிடாமல் ஒலிக்கும் மின்னணுப் பந்து வாங்கலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. நின்றாலும் ஒலிக்கும் என்பது அதன் நன்மை. ஆனால் சீழ்க்கை போன்ற ஒற்றைச் சுருதியைவிட, பல அலைவரிசைகள் கலந்த கரகரப்பின் திசையைத்தான் காது எளிதில் பிடிக்கும். மின்கலமும் சுற்றும் உள்ளே இருக்கும் பந்து, மட்டையின் அடியை நெடுநாள் தாங்குவதும் கடினம். பள்ளிக்குப் பால்ரஸ் பந்தே போதும், அதுவே நல்லது என்பது என் கருத்து. நல்ல பந்து கைக்கு வரும்வரை, டென்னிஸ் பந்தின்மேல் மொடமொடக்கும் பிளாஸ்டிக் பையை இறுகச் சுற்றிக் கட்டியும் பயிற்சியைத் தொடங்கலாம்.

இனி வீசும் முறை. நம் சென்னைச் சந்துகளில் பிள்ளைகள் ஆடும் ‘அண்டர் ஆர்ம்’ ஆட்டத்தை நீங்கள் அறிவீர்கள். சன்னல் கண்ணாடி உடையாமலிருக்கவும் பந்து மாடிக்குப் போகாமலிருக்கவும் கையைத் தாழ்த்தி வீசுவார்கள். பார்வையற்றோர் கிரிக்கெட்டிலும் வீச்சு தாழ்கைதான். பந்து ஆடுகளத்தின் நடுக்கோட்டைத் தாண்டுவதற்கு முன்பே தரையைத் தொட்டுவிட வேண்டும். அதன்பின் சலசலத்துக்கொண்டே சறுக்கி வரும். வீசுவதற்கு முன் பந்துவீச்சாளர் “ரெடி?” என்று கேட்பார். மட்டையாளர் “யெஸ்” என்ற பிறகே வீச வேண்டும். பந்து கையை விட்டுப் புறப்படும்போது “ப்ளே” என்று குரல் கொடுக்க வேண்டும். இது மரியாதைக்காகச் சொல்லும் சொல் அன்று. அந்தக் குரலிலிருந்துதான் பந்து எங்கிருந்து, எப்போது கிளம்பியது என்பது மட்டையாளருக்குத் தெரிகிறது. முன்கூட்டியோ தாமதமாகவோ “ப்ளே” சொன்னால் அந்தப் பந்தை நோபாலாகக் கருத வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கு முதலில் பழக வேண்டியது இந்த மூன்று சொற்கள்தான். தமிழிலேயே “தயாரா”, “சரி”, “வருது” என்று வைத்துக்கொண்டாலும் பழுதில்லை. எல்லோரும் ஒரே சொல்லை, ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

நன்கு பழகிய இந்திய மட்டையாளர்களைப் பார்த்தால், பெரும்பாலோர் பந்து வரும்போது ஒரு முழங்காலை மடித்து மண்டியிட்டு, மட்டையைக் கிடையாகத் தரையோடு தரையாகச் சுழற்றி ஸ்வீப் அடிப்பார்கள். தரையை ஒட்டி வரும் பந்துக்கு, நின்றபடி நேராகத் தொங்கவிட்ட மட்டை நாலேகால் அங்குல அகலமுள்ள ஒரு பலகை மட்டுமே; கணிப்பு ஒரு சாண் பிசகினாலும் பந்து போய்விடும். கிடையாகச் சுழலும் மட்டைக்கு அதன் நீளம் முழுவதும் துணை நிற்கிறது. உங்கள் மாணவனிடம் புத்தகத்தில் உள்ளபடி நேர்மட்டையில் ஆடச் சொல்லாதீர்கள். முதல் நாளிலேயே மண்டியிட்டு ஆடக் கற்றுக்கொடுங்கள். முழங்காலுக்கு உறை வாங்கிக் கொடுப்பது நல்லது. நம் பள்ளி மைதானங்களின் சரளைமண் தோலைச் சீவிவிடும்.

இப்போது, என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தமிழ்ப் பிள்ளைகளின் விளையாட்டில் ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று ஒருவன் இருப்பான். சிறுவன் அழுகிறானே, வீட்டில் திட்டுவார்களே என்று சேர்த்துக்கொள்வார்கள்; அவன் அவுட் ஆனாலும் கணக்கில்லை, ரன் எடுத்தாலும் கணக்கில்லை. அந்தப் பெயரிலேயே ஓர் ஊனம் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். நான் படித்த பள்ளியில் ஆறு ஆண்டுகள் அந்த இடத்தில்தான் நின்றேன். எனக்குப் பந்து வீசும்போது மட்டும் எல்லோரும் கனிவாகச் சிரிப்பார்கள். மூன்று பந்துக்குப் பிறகு “போதும்டா” என்று மட்டையை வாங்கிக்கொள்வார்கள். அவர்களில் ஒருவரும் கெட்டவர் இல்லை. ஆனால் நான் ஆடினாலும் ஆடாவிட்டாலும் ஆட்டத்தின் முடிவு மாறாது என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பார்வையற்றோர் கிரிக்கெட்டின் விதிகள் இந்த நிலையைத்தான் வேரோடு மாற்றுகின்றன. வீரர்கள் மூன்று வகையாகப் பிரிக்கப்படுகிறார்கள். பி1 என்பவர்களுக்குப் பார்வை அறவே இராது, அல்லது வெளிச்சம் மட்டும் உறைக்கும். எந்தத் தூரத்திலும் கையின் உருவம் தெரியாது. கையின் உருவம் தெரிவதிலிருந்து 2/60 வரை (நல்ல கண் 60 மீட்டரில் காண்பதை 2 மீட்டரில்தான் காண முடிவது) பார்வைக்கூர்மை உள்ளவர்களும், பார்வைப் பரப்பு 5 பாகைக்குள் சுருங்கியவர்களும் பி2. அதற்கு மேல் 6/60 வரை உள்ளவர்களும், பரப்பு 20 பாகைக்குள் உள்ளவர்களும் பி3. கண்ணாடி அணிந்த நிலையில், இரண்டில் நன்றாகத் தெரியும் கண்ணைக் கொண்டு இது அளக்கப்படும். பதினொருவர் அணியில் குறைந்தது நான்கு பேர் பி1 ஆக இருக்க வேண்டும். பி3 வீரர்கள் நான்கு பேருக்கு மேல் கூடாது. பி1 மட்டையாளர் எடுக்கும் ஒவ்வொரு ரன்னும் இரண்டாக எண்ணப்படும். அவர் ஒரு பவுண்டரி அடித்தால் எட்டு. அவருக்காக ஓட மற்றொருவர் உண்டு. அவரை ஸ்டம்பிங் முறையில் வெளியேற்ற முடியாது, எல்.பி.டபிள்யூ இரண்டாம் முறைதான் செல்லும். பந்து ஒருமுறை தரையில் பட்டு எழுந்த பிறகு பி1 வீரர் பிடித்தாலும் அது கேட்ச். மொத்த ஓவர்களில் ஐந்தில் இரண்டு பங்கைப் பி1 வீரர்களே வீச வேண்டும். இருபது ஓவர் ஆட்டத்தில் அது எட்டு ஓவர்.

இவற்றைச் சலுகைகள் என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. எட்டு ஓவரைப் பி1 வீரர்கள் வீசியே ஆக வேண்டும் என்றால், நல்ல பி1 பந்துவீச்சாளர் இல்லாத அணி தோற்கும். ரன் இரட்டிப்பாகும் என்றால், பி1 மட்டையாளரைப் பயிற்றுவிக்காத அணி தோற்கும். தலைவனாக இருப்பவனுக்கு அவர்கள் தேவைப்படுகிறார்கள். அவர்கள் ஆடுவதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. அப்போது ஒப்புக்குச் சப்பாணிக்கு இடமே இல்லாமல் போகிறது. மேலும், இவற்றில் பாதி நம் தெருப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. ‘ஒன் பிட்ச் கேட்ச்’ வைத்து ஆடாத தெரு சென்னையில் உண்டா? காலில் அடிபட்டவனுக்கு ‘பை ரன்னர்’ ஓடுவதும் அவர்கள் அறிந்ததே. ஆகவே மற்ற மாணவர்களிடம் இவற்றை விளக்கும்போது, புதிய சட்டம் என்று சொல்லாமல், “உங்கள் தெருவில் இருப்பதுதானே” என்று தொடங்குங்கள். உடனே ஏற்றுக்கொள்வார்கள்.

உங்கள் வகுப்பில் பி1 மாணவன் ஒருவன்தான். இன்னொருவனுக்குக் குறைபார்வை. மற்றவர்கள் எல்லோரும் கண் தெரிந்தவர்கள். சர்வதேச விதியை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. அதன் உட்பொருளைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் செய்துபார்த்து நன்றாக வந்த அமைப்பு இது: அணிக்கு ஆறு பேர், ஆறு ஓவர். எல்லோரும் ஒலிப்பந்திலேயே, தாழ்கையிலேயே ஆட வேண்டும். உங்கள் முதல் மாணவன் ஓர் அணியிலும் இரண்டாமவன் மறு அணியிலும் இருக்கட்டும். ஒவ்வொருவரும் தத்தம் அணிக்கு இரண்டு ஓவர் வீசியே ஆக வேண்டும். முதலாமவன் எடுக்கும் ரன் இரட்டிப்பு, இரண்டாமவன் எடுப்பது ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். யாருடைய பந்துவீச்சுக்கு யார் திணறுகிறார்கள் என்று பிள்ளைகளே பேசிக்கொள்வார்கள். ஓரணி தொடர்ந்து வென்றால் மடங்கைக் கூட்டவோ குறைக்கவோ தயங்காதீர்கள். முடிவு நிச்சயமில்லாமல் இருக்கும்வரைதான் ஆட்டம் ஆட்டமாக இருக்கும்.

கண் தெரிந்த பிள்ளைகளின் கண்ணைக் கட்டி ஆடவிடலாமா என்று அநேகமாக அடுத்த கேள்வி வரும். ஒருநாள், பத்து நிமிடம், அனுபவத்துக்காகச் செய்யலாம். அதையே ஆட்டத்தின் விதியாக்க நான் உடன்படுவதில்லை. பிறந்தது முதல் காதால் வாழ்ந்த பிள்ளைக்கும், ஐந்து நிமிடத்துக்கு முன் கண் கட்டப்பட்ட பிள்ளைக்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு. கட்டப்பட்டவன் தடுமாறுவான், பயப்படுவான். ‘பார்வையின்மை என்றால் இந்தத் தடுமாற்றம்தான்’ என்ற தவறான பாடத்தோடு வீட்டுக்குப் போவான். பி1 வீரர்களே போட்டியில் கண்ணை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி அணிவார்கள். ஆனால் அதன் நோக்கம் வேறு. ஒருவருக்குச் சிறிது வெளிச்சம் தெரியும், மற்றவருக்கு அதுவும் தெரியாது என்ற வேறுபாடு ஆட்டத்தில் நுழையக் கூடாது என்பதற்காக அது.

வகைப்பாட்டைப் பற்றி உங்கள் இரண்டாம் மாணவனின் பொருட்டு ஓர் எச்சரிக்கை. மாற்றுத்திறனாளி அடையாளச் சான்றிதழ் இருப்பதால் மட்டும் ஒருவர் போட்டி ஆட்டத்துக்குத் தகுதி பெற்றுவிடுவதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபார்வையை 6/18க்குக் கீழிருந்தே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. விளையாட்டு வகைப்பாடோ 6/60இல்தான் தொடங்குகிறது. இடைப்பட்ட பார்வை உள்ள பிள்ளைகள் சட்டப்படி மாற்றுத்திறனாளிகள். ஆனால் பி3 ஆக மாட்டார்கள். ஆண்டுக்கணக்கில் பயிற்சி எடுத்துவிட்டுத் தேர்வு நாளில் இதைத் தெரிந்துகொண்டு உடைந்துபோன பையன்களைப் பார்த்திருக்கிறேன். ஆகையால் ஆசை காட்டும் முன் கண் மருத்துவரிடம் பார்வைக்கூர்மையையும் பரப்பையும் எழுதி வாங்கிவிடுங்கள். பள்ளி ஆட்டத்துக்கு இந்த வகைப்பாடு எதுவும் தேவையில்லை என்பதையும் அவனுக்குச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது மற்றொன்றையும் கட்டாயம் கேளுங்கள்: குறைபாட்டின் காரணம் என்ன? மிக அதிகக் கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகளுக்கும், விழித்திரை அறுவை நடந்தவர்களுக்கும் தலையில் அடிபட்டால் விழித்திரை பிரியும் ஆபத்து உண்டு. பாய்ந்து விழுந்து பந்தைத் தடுப்பது அவர்களுக்கு ஏற்றதா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். விழித்திரை நிறமிச் சிதைவு நோய் உள்ள பிள்ளைக்குப் பார்வைப் பரப்பு குழாய்போல் குறுகியிருக்கும். மங்கிய வெளிச்சத்தில் இருப்பதும் தெரியாது. மாலை ஐந்தரைக்கு மேல் அவனை ஃபீல்டிங்கில் நிறுத்தாதீர்கள். வெண்தோல் குறைபாடுள்ள (அல்பினிசம்) பிள்ளைக்கோ நண்பகல் வெயிலில் கண்ணைத் திறக்கவே முடியாது. விளிம்பு அகன்ற தொப்பியும் நிறக் கண்ணாடியும் தேவை. ‘கொஞ்சம் தெரியும்’ என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை வேறுபாடுகள் இருக்கின்றன.

மைதானத்தைப் பொறுத்தவரை, சென்னையில் கிடைக்க அரிதான பொருள் அமைதி. பேருந்து ஒலிப்பான், கோயில் ஒலிபெருக்கி, பக்கத்துக் கட்டடத்தில் கல் அறுக்கும் இயந்திரம் ஆகிய எதுவும் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. நேரத்தைத் தேர்ந்தெடுப்பது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. நண்பகலுக்குப் பின் கடற்காற்று எழுந்துவிட்டால், வடசென்னை போன்ற கடலோரப் பகுதியில் காதுக்குள் காற்றின் இரைச்சலே நிறைந்திருக்கும். காலை ஆறரையிலிருந்து எட்டு வரை மிக நல்லது. மணற்பாங்கான இடத்தில் பந்து ஒலிக்காது, உருளவும் செய்யாது. சிமெண்டுத் தளமோ, கெட்டித்தரையில் விரித்த மேட்டிங்கோ இருந்தால் ஒலி தெளிவாக எழும். ஸ்டம்புகளுக்கு உலோகக் குழாய்களை வெல்டிங் பட்டறையில் செய்து, பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது மஞ்சள் வண்ணம் பூசுங்கள்: பந்து பட்டால் ‘டங்’ என்ற ஓசை பி1 வீரருக்குச் செய்தி, வண்ணம் குறைபார்வையாளருக்குச் செய்தி.

ஆட்டம் தொடங்கும் முன் முதல் மாணவனை மைதானத்தில் நடக்கவிடுங்கள். ஸ்டம்பைத் தொட்டு, அங்கிருந்து மறுமுனை வரை அடியெண்ணி நடந்து, எல்லைக் கயிற்றைக் காலால் உணர்ந்து, மரம் எங்கே, குழாயடி எங்கே என்று அவன் மனத்தில் படம் வரைந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஃபீல்டிங்கில் அவனை ஆடுகளத்துக்கு அருகே, முன்வளையத்தில் நிறுத்துங்கள். ஒலியை நோக்கி ஓடுவது அவன் வேலையல்ல. பந்து வரும் பாதையில் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்து, நீட்டிய உடலையே அணையாக்கித் தடுப்பதே அங்கே கலை. தடுத்த பிறகு எங்கே எறிவது என்பதை விக்கெட் கீப்பர் கைதட்டிக் காட்டுவார். இருவர் மோதிக்கொள்ளாமலிருக்க, பந்தை எடுக்கப் போகிறவர் “எனக்கு” என்று உரக்கச் சொல்ல வேண்டும். மற்ற நேரத்தில் யாரும் பேசக் கூடாது. பந்துவீச்சாளர் “ரெடி” என்று கேட்டதிலிருந்து பந்து நிற்கும்வரை வேடிக்கை பார்ப்பவர்களும் மூச்சுக்காட்டக் கூடாது; அதற்குப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். பிள்ளைகளுக்கு இதுவே எல்லாவற்றிலும் கடினமான விதி. நான்காவது, ஐந்தாவது நாளில்தான் படியும்; அதுவரை பொறுமையாக இருங்கள்.

இந்த ஆட்டத்துக்கு நம் ஊரில் வேர் உண்டு என்பதையும் உங்கள் மாணவர்கள் அறியட்டும். 1990இல் டெல்லியில் ஜார்ஜ் ஆபிரகாம் முன்னின்று நடத்திய தேசியப் போட்டியிலிருந்து இந்தியாவில் இது முறையான வடிவம் பெற்றது. 1996இல் உலகப் பார்வையற்றோர் கிரிக்கெட் கவுன்சில் டெல்லியில் உருவானது. 1998இல் டெல்லியில் நடந்த முதல் உலகக் கோப்பையைத் தென்னாப்பிரிக்கா வென்றது. இரண்டாம் உலகக் கோப்பை 2002 டிசம்பரில் நம் சென்னையில் நடந்தது. இறுதியில் தென்னாப்பிரிக்காவை வென்று பாகிஸ்தான் கோப்பையைக் கொண்டுபோனது. சேப்பாக்கத்தில் யார் எந்த ஆண்டு சதம் அடித்தார் என்று விரல்விட்டுச் சொல்லும் இந்த ஊரில், ஓர் உலகக் கோப்பை இங்கே நடந்தது பலருக்கு நினைவிலேயே இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

அதற்குப் பிறகு இந்தியா நெடுந்தூரம் வந்துவிட்டது. 2012, 2017, 2022 ஆகிய மூன்று இருபது ஓவர் உலகக் கோப்பைகளையும் வென்றது. 2014இல் கேப் டவுனிலும் 2018இல் ஷார்ஜாவிலும் நாற்பது ஓவர் உலகக் கோப்பையை வென்றது. ஷார்ஜாவில் 308 ரன் இலக்கை இரண்டு விக்கெட் மீதமிருக்க எட்டியது. முன்பு அணித் தலைவராக இருந்த சேகர் நாயக்குக்கு 2017இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2023இல் பர்மிங்காமில் நடந்த பார்வையற்றோர் உலக விளையாட்டுப் போட்டிகளில் முதன்முறையாகக் கிரிக்கெட் சேர்க்கப்பட்டபோது நம் பெண்கள் அணி தங்கம் வென்றது. 2025 நவம்பரில் கொழும்பில் முடிந்த பெண்களுக்கான முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையையும் நேபாளத்தை வென்று அவர்களே பெற்றார்கள். ஆஸ்திரேலியாவின் ஸ்டெஃபான் நீரோ 2022இல் நியூசிலாந்துக்கு எதிராக 140 பந்துகளில் 309 ரன் எடுத்தார் என்று உங்கள் பையன்களிடம் சொல்லிப் பாருங்கள். பிறகு யாரும் இதை இரக்கத்துக்குரிய ஆட்டம் என்று எண்ண மாட்டார்கள். பாராலிம்பிக்கில் கிரிக்கெட் இல்லை என்பதால் இந்த வீரர்களுக்கு அரசு ஊக்கமும் வேலைவாய்ப்பும் எளிதில் வந்துசேர்வதில்லை என்ற உண்மையையும் மறைக்க வேண்டாம்.

உதவிக்கு நீங்கள் தனியாக அலைய வேண்டியதில்லை. இந்தியப் பார்வையற்றோர் கிரிக்கெட் சங்கம் பெங்களூரிலிருந்து இயங்குகிறது. பந்து எங்கே கிடைக்கும் என்பதை அங்கே கேட்டறியலாம். பூந்தமல்லி அரசுப் பள்ளியிலோ அடையாறு புனித லூயி பள்ளியிலோ படித்த பழைய மாணவர்கள் நகரெங்கும் இருக்கிறார்கள். மாநிலக் கல்லூரியிலும் பார்வையற்ற மாணவர்கள் பலர் படிக்கிறார்கள். அவர்களில் இந்த ஆட்டத்தை ஆடிப் பழகிய ஒருவரை ஒரு சனிக்கிழமை காலை உங்கள் மைதானத்துக்கு அழையுங்கள். நான் இங்கே எழுதியிருப்பதை அவர் அரைமணி நேரத்தில் செய்து காட்டிவிடுவார். உங்கள் முதல் மாணவன் தன்னைப்போன்ற ஒருவர் பந்து வீசுவதைத் தன் காதாலேயே கேட்பான். தலைமையாசிரியர் தயங்கினால், 2016 சட்டத்தின் 30ஆவது பிரிவை எடுத்துக்காட்டுங்கள். மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் முறையாகப் பங்கேற்க வழிசெய்வது அரசின் கடமை என்று அது சொல்கிறது.

முதல் வாரம் ஆட்டம் வேண்டாம். வட்டமாக உட்கார்ந்து பந்தை ஒருவரிடமிருந்து ஒருவருக்கு உருட்டட்டும். கண் தெரிந்தவர்களும் ஒலியைக் கேட்டுக் கையை நீட்டப் பழகட்டும். இரண்டாம் வாரம் மண்டியிட்டு அடிக்கும் பயிற்சி. மூன்றாம் வாரம் ஆறு ஓவர் ஆட்டம். அன்று ஸ்கோர் சொல்லும் வேலையை அட்டவணை போட்டு எல்லோருக்கும் முறைவைத்துக் கொடுங்கள். மனக்கணக்கில் கெட்டிக்காரனான உங்கள் முதல் மாணவனும் தன் முறை வரும்போது மட்டும் சொல்லட்டும்.